ரம்பத்துக்கு வைத்த பொட்டு

நேற்று ஆயுத பூஜை. இன்று காலை கடையைத் திறந்து மேசை ரம்பத்தின் சுவிட்சைத் தட்டியதும் சந்தனம் சூடாகிற வாசனை. உடனே அணைத்துவிட்டேன். பிளேடுக்குப் பொட்டு வைப்பதற்காகக் கழற்றிய மூடியைத் திருப்பி மாட்டவில்லை. வருஷா வருஷம் பக்தி முற்றிப்போய் நான் செய்கிற வேலை இது. பல் தெரிய ரம்பம் சிரித்துக்கொண்டிருந்தது. திட்டத்தான் நீ உயிரோடு இல்லை.

மேற்கு மாம்பலத்துச் சந்தில் நாம் கூட்டாகத் தச்சுக்கடை போட்டபோது உனக்குத் தலைமுடி இருந்தது, எனக்குத் தொப்பை இல்லை. பிறகு உன்னுடையது போய் என்னுடையது வந்தது. பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது நான் தள்ளுவேன், நீ எதிர்ப்பக்கம் நின்று தாங்குவாய். ஒரு மழைக்காலத்தில், ஊறிய பலகை. நான் பிளேடுக்கு நேர் பின்னால் நின்றேன்.

"தள்ளி நில்லு மாமே. கட்ட எகிறி வந்தா வவுத்துல புடிக்க நீ இன்னா கோல்கீப்பரா?"

முணுமுணுத்தபடி ஓரமாக நகர்ந்தேன். பாதி வழியில் பலகை வளைந்து பிளேடைக் கவ்வியது. அடுத்த நொடி, பலகை என் தொப்பை இருந்த இடத்தைக் கடந்து பறந்து, பின்சுவர் காலண்டரைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. நீ மோட்டாரை அணைத்தாய்.

குறுக்கே வெட்டும்போது, பலகையை ஒட்டித் தள்ளுகிற ஓரத்துக் கைடை விலக்கி வைப்பாய். வெட்டிய துண்டு அதற்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டினால் அதுவும் எகிறும். மெல்லிய சட்டம் என்றால் விரலுக்குப் பதில் தள்ளுகட்டை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மோட்டார் ஓடும்போது ஊர்வம்பு பேசக் கூடாது என்றாயே, அதுதான் கொடுமை. மூன்றாம் மாடிக் குடும்பத்து விவகாரம் தொண்டை வரை வந்து நிற்கும். நீயோ நிதானமாகத் தாங்கிக்கொண்டிருப்பாய்.

இன்று அடையாற்று அம்மாளுக்கு மாலைக்குள் அலமாரித் தட்டு வேண்டுமாம், விடாமல் போன். நீளமான பிளைவுட். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. தனியாகத் தள்ளிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முட்டி வலி, முதுகு வலி, சீக்கிரம் முடித்தால் போதும் என்கிற அலுப்பு. அப்புறம் மூடியை மாட்டிவிட்டு, எதிர் இஸ்திரிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். வந்த மனிதர், புடவையை உதறுகிற வேகத்தில் பலகையைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்காத நைனா. சும்மா தாங்கிக்கோ, நான் தள்றேன்."

அறுத்து முடித்து அணைத்தேன். பிளேடு இன்னும் சுற்றியது. வெட்டிய துண்டை எடுக்கக் கை நீட்டினார்.

"நிக்கட்டும்" என்றேன்.

இருவரும் கைகட்டி நின்றோம். எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, சனியன்.

சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷனில் கூட்டத்தோடு ஏறி, ரயில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது விரல்களைப் பார்த்தேன். பத்தும் இருந்தன. நீ எனக்கு விட்டுப்போன சொத்து இவ்வளவுதான். பத்தையும் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.