மலைக்குப் போகாத வண்டி

நைனா,

போன சனிக்கிழமை எங்கள் கம்பெனியில் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி, சென்னையைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேலை செய்கிறவர்களை வருஷத்துக்கு ஒருமுறை சந்தோஷப்படுத்த வேண்டுமாம். கோவளம் பக்கம் பஸ் மெதுவாகப் போனபோது ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாசனை வந்தது. பக்கத்தில் இருந்த பெண், "வரும்போது வீட்டுக்கு வாங்கிக்கினு போலாமா?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் ஜன்னலைச் சாத்தினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

நீ கடைசி வருஷங்கள் முழுக்க ஓட்டிய சாலையை நான் நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கடற்கரைச் சாலை என்று பெயர்தான் இருக்கிறது, கடலைக் காணோம். மதில்சுவர், கேட், வாட்ச்மேன், மறுபடியும் மதில்சுவர். முட்டுக்காட்டுப் பாலத்தில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்ததும் பஸ்ஸில் எல்லாரும் கத்தினார்கள். எங்களையும் ஒருநாள் கூட்டிப் போயேன் என்று அம்மா கேட்டதற்கு, "ரூம் எடுத்தவங்களுக்குத்தான் கடலு, நமக்கு பார்க்கிங்கு" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சாலையோடு சேர்த்து உன்னை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நீ மலை வண்டி ஓட்டிய ஆள். நம் சத்தியவேடு வேன் ஸ்டாண்டில் திருமலைக்கு ட்ரிப் என்றால் ஓனர் முதலில் உனக்குத்தான் போன் செய்வார். அதற்கு முந்தின நாள் நம் வீட்டில் முட்டைகூட உடைக்கக் கூடாது. சாயந்திரம் வேனைக் கழுவி, மிதியடிகளைக் காயப்போட்டு, ஸ்டியரிங்கில் மஞ்சள் குங்குமம் வைத்து, சாம்பிராணி போடுவாய். "நீ விரதம் இரு, சரி. வண்டிக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அம்மா முணுமுணுப்பாள். "நான் மட்டும் இருந்தா போதுமா? வண்டியும் விரதம் இருக்கணும்" என்பாய்.

அந்த ட்ரிப் ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாய். எனக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த புதிது. மலைக்குப் போய்ப் பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கடற்கரை ரிசார்ட்டில் தங்கியிருந்த ஒரு சென்னைக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தாய். கணவன், மனைவி, கணவனின் அம்மா. முன் சீட் காலியாக இருந்ததால் அவர்களிடம் கேட்டு, என்னை ஊத்துக்கோட்டையில் ஏற்றிக்கொண்டாய். அந்தப் பெரியம்மாவுக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல். வழியெல்லாம் கோவிந்தா கோவிந்தா என்று வாய் ஓயவில்லை. நாகலாபுரம் தாண்டும்போது எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

மலையடிவாரத்தில், அலிபிரி செக்போஸ்டில் எல்லாரும் சோதனைக்காகப் பையோடு இறங்கினோம். காவலர் வேனின் பின்கதவைத் திறந்து, ஸ்டெப்னி டயருக்கு அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, வாசனையே சொல்லிவிட்டது. "ஏன்ட்டய்யா இதி? கொண்டகி எண்டு சேப்பலா?" என்று கத்தினார். மலைக்குக் கருவாடா என்று கேட்கிறார் என்பது தெலுங்கு தெரியாத அந்தப் பெரியம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "பெருமாளே, யார் பண்ண பாவம் இது?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மகன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, "எங்களுக்குத் தெரியாது சார். ட்ரைவரைக் கேளுங்க" என்றார்.

நீ அந்த ஆளைப் பார்த்தாய். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்தாய். "என்னுதுதான் சார். வீட்டுக்கு வாங்கினேன், மறந்துட்டேன்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். "ஊர்கோ" என்று தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டாய், சும்மா இருக்கச் சொல்லி. எனக்குப் பின்னால் அந்த மனைவி புருஷனிடம் மெதுவாக, "அப்பவே சொன்னேன்ல, ஊருக்குப் போகும்போது வாங்கிக்கலாம்னு" என்றாள். என் காதில் விழும் என்றும் அவளுக்குத் தெரியும். ட்ரைவரின் மகள்தானே என்று இருந்திருப்பாள்.

காவலர் அவர் வேலையைச் செய்தார். பொட்டலத்தை வீசிவிட்டு உன்னைத் திட்டி மேலே அனுப்பினார். அடுத்த வரிசையில் நின்ற வண்டிகளில் நம் ஸ்டாண்ட் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். தரிசனம் முடிந்து திரும்பி வரும்போது அந்த மகன் உன் கையில் ஒரு லட்டை வைத்து, "தேங்க்ஸ் ட்ரைவர்" என்றார். நீ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். "அந்தம்மா மொட்டை போட வந்திருக்காங்க. பெத்த புள்ளையே பண்ணான்னு தெரிஞ்சா தாங்குவாங்களா? வண்டில இருந்தது எதுவானாலும் ட்ரைவரு பொறுப்பு, வுடு" என்றாய். அந்தம்மாவின் மனசு உனக்குத் தெரிந்தது. நம் அம்மா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தது தெரியவில்லை.

நாம் வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. கருவாட்டு வண்டி என்று உனக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் கேலிக்குச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஓனர் நேரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலை ட்ரிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, சனி ஞாயிறானால் உன்னைக் கடற்கரைச் சாலைக்கு அனுப்பினார். அதற்கப்புறம் நீ மலை ஏறவே இல்லை. நடந்தாவது போகலாம் வா என்று நான் கூப்பிட்டபோதும், "வண்டியோட போறப்ப போய்க்கலாம்" என்று தட்டிக் கழித்தாய். கடைசியில் ஒரு ரிசார்ட் பார்க்கிங்கில், மத்தியான வெயிலில், ஸ்டியரிங் முன்னாலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது. போனை எடுக்கவில்லை என்று உன்னைத் திட்டுவதற்காகத்தான் அந்தக் கஸ்டமர் இறங்கி வந்தாராம்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எனக்கு உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்தேன். வேப்பமர நிழலில் ட்ரைவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என்னையே பார்த்துவிட்டு, "நீ சத்தியவேடு கருவாட்டு வண்டிக்காரர் பொண்ணாம்மா? அவர் மூஞ்சி அப்பிடியே இருக்குது" என்றார். நம் ஊருக்குப் பக்கத்து வரதய்யபாளையத்துக்காரராம். உன் சாவுக்கு வந்திருந்தாராம்.

"அது எங்க நைனாது இல்ல" என்றேன். அலிபிரியில் நீ சொல்லவிடாத வார்த்தை. சத்தமாகவே வந்துவிட்டது. மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

அவர் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டார். "தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவருது இல்லன்னு. ட்ரைவருங்களுக்குத் தெரியாதா? மலை டூட்டின்னா முந்தின நாளே முட்டை கூடத் துன்னாத ஆளு. இங்க வந்தும் வாராவாரம் வண்டியக் கழுவி சாம்பிராணி போட்டுக்கினு இருப்பாரு. எதுக்குண்ணேன்னு கேட்டா, மலை டூட்டி எப்ப வரும்னு தெரியாது, வண்டி ரெடியா இருக்கணும்பாரு. ஓனருக்கும் தெரியும்மா. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுக்கினு ஏன் மலைக்கு அனுப்பல?"

"பேரு கெட்டுப்போச்சேம்மா. கஸ்டமருங்க கேப்பாங்களே" என்றார். அதற்கப்புறம் அவர் சாப்பிட ஆரம்பித்தார். நான் திரும்பி உள்ளே வந்தேன்.

அடுத்த மாதம் மலைக்குப் போகலாம் என்று அம்மா கூப்பிடுகிறாள். போவேன். பெருமாள் மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் நம் ஸ்டாண்ட் வண்டியில் ஏறமாட்டேன், பஸ்ஸில்தான் போவேன். நீ இருந்தால் சின்னப் பிள்ளை மாதிரி பேசுகிறாய் என்பாய். சொல்லிக்கொள்.

இத்தனை வருஷமும், நடந்தது நம் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது என்று நினைத்து உள்ளே வெந்துகொண்டிருந்தேன் நைனா. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தெரிந்துகொண்டேதான் உன்னோடு டீ குடித்தார்கள், தெரிந்துகொண்டேதான் உன்னைத் தூக்கவும் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒருத்தராவது உன் பக்கத்தில் வந்து, எனக்குத் தெரியும் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எதுவும் செலவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.