நான்காவது பெயர்

2023 அக்டோபர் 9
விடுமுறை. ஹீட்டர் இன்னும் போடவில்லை. நிங் வழக்கம்போலத் தேநீரும் கையுமாகத் தன் தாய்நாட்டு மாகாணச் செய்திகளைக் கைப்பேசியில் படித்தாள். அங்கே கூட்டம் நடந்தால், வந்தவர்களின் பெயர்களைப் பதவி வரிசையில் போடுவார்களாம்.
"நாலாவது," என்றாள். அவளுடைய அப்பா. துணை ஆளுநர்.
அவருடைய மகள் இங்கே மலிவு வாடகைப் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறாள். பகட்டு கூடாது என்பது அவர் கட்டளை. நேர்மையான மனிதர் போலும்.

நவம்பர் 21
நாலாவது இடத்தில் வேறு பெயர். "காய்ச்சலாக இருக்கும்," என்றேன். நிங் தேநீரைத் தொடவில்லை.

நவம்பர் 24
ஒற்றை வரி அறிவிப்பு: கட்சி ஒழுங்கையும் சட்டத்தையும் கடுமையாக மீறியதற்காக விசாரணையில் இருக்கிறார்.
எழுத்தராகத் தொடங்கி முப்பத்தைந்து வருடம். மலைக்கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுபோனவர். அந்தக் குழாய் ஒப்பந்தங்களில்தான் லஞ்சமாம்.
"வாங்கியிருப்பார்," என்று அவளே சொன்னாள். "என் படிப்புக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே."

டிசம்பர் 17
தேவாலயப் பூசை முடிந்து செயின்ட்-மிஷேலில் அம்மா வீட்டுக்குப் போனேன். மகள் வந்து ஒத்துழைத்தால் தண்டனை குறையும் என்று நிங்கின் அம்மாவிடம் அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். நிங் ஜனவரி 12க்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். இதைச் சொன்னதும் அம்மா மீன் வெட்டுவதை நிறுத்தினார்.
"விசரே அவளுக்கு? உன்ரை மாமாவையும் 'கதைச்சுப்போட்டு விடுறம்' எண்டுதானே மன்னாரிலை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவை. போகவிடாதை, பிள்ளை."
"மாமா ஒண்டும் செய்யேல்லை அம்மா. இவர் கள்ளன்."
"கள்ளன்ரை பிள்ளையும் பிள்ளைதான்."

டிசம்பர் 18
நிங்கிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.
"உன் மாமாவைத் தேடி யாரும் போகாமல் இருந்தீர்களா?"
அம்மா மூன்று வருடம் முகாம் வாசலில் நின்றவர்.

2024 ஜனவரி 12
மத்தியானம் பெட்டியோடு போனவள் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாள். சப்பாத்து முழுக்கப் பனி. விமான நிலைய பஸ்ஸில் ஏறவே இல்லையாம்.
"அங்கே பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டால் திருப்பித் தரமாட்டார்கள். பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை."
சோறு போட்டுக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம். சீ — இதுவும் ஒரு சந்தோஷமா?

மார்ச் 3
அவளுடைய அம்மா அழைப்பை எடுப்பதில்லை.

2025 பெப்ரவரி 20
தீர்ப்பு வந்துவிட்டது. பதினான்கு வருடம். நீதிமன்றக் காட்சியைச் சேர்ந்து பார்த்தோம். வெள்ளைத் தலையோடு யாரோ ஒரு கிழவர் எழுந்து நின்றார்.
"அப்பா," என்றாள் நிங்.
பெரிய அதிகாரிகள் எல்லோரும் தலைக்குக் கறுப்பு டை அடிப்பார்களாம். காவலில் டை கிடையாது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, மூன்று முறை குனிந்து வணங்கினார்.
"தீர்ப்பு சரிதான்," என்றாள். காட்சியை மறுபடி ஓடவிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்:
"அந்தச் சிறை வடக்கே இருக்கிறது. தலைக்குத் தொப்பி கொடுப்பார்களா?"