தூக்கியது யார், வாரியது யார்?

மார்ச் 4, புதன்

மின்விசிறிக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆயிற்று. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் மேசை. இன்றும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தேநீர் இயந்திரத்திடம் மட்டும் 'சர்க்கரை வேண்டாம்' என்றேன். அதுவும் கேட்கவில்லை.

ஒரு விடுதிக்காரர், இந்த ஃபேனை இனி 'புட் அப் வித்' செய்ய முடியாது என்று எழுதியிருந்தார். புட் அப் என்றால் மாட்டுவது. பாவம், மாட்டத் தெரியவில்லை போல. ஏணி, கொக்கி, திருகு எல்லாம் படம் போட்ட தாளை அனுப்பினேன். கூடவே, 'இருவர் சேர்ந்து தூக்கினால் எளிது' என்று ஒரு வரி. என் சொந்த யோசனை!

மார்ச் 5

வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஃபேன் ஆறு மாதமாக மாட்டித்தான் இருக்கிறதாம். அதன் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லையாம்; அதுதான் 'புட் அப் வித்'.

எங்கள் பிரிவு மேலாளர் மேடம் அந்தப் பதிலை என் மேசையில் வைத்தார். "மாசக் கடைசியில உன் பயிற்சி முடியுது. அதுக்குள்ள தேறலைன்னா லேபிள் ஒட்டுற பக்கம் அனுப்பிடுவேன்மா." கோபம்கூட இல்லை. அதுதான் வலித்தது.

பக்கத்து மேசை அக்கா மூச்சுவிடாமல் பேசுவார். அதனால் எல்லோருக்கும் அவர் 'ரயில்'. "ஏண்டி, சண்டைக்கு வந்தவனுக்கு ஏணியா அனுப்புவே?" மூன்று மேசை தள்ளியும் சிரிப்பு. எனக்கே வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். லேபிள் ஒட்டவா? அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?

மார்ச் 7

கம் அப் வித் — யோசித்துக் கண்டுபிடிப்பது. லுக் டவுன் ஆன் — இளக்காரமாகப் பார்ப்பது. ஒரு வினைக்கு எதற்கு இரண்டு வால்? ஒற்றை வாலையே பிடிக்க முடியல.

மார்ச் 8, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுபவர். ஞாயிறுதான் ஓய்வு. படுத்திருந்தவரின் தலைக்கு மேல் எங்கள் வீட்டு ஃபேன் 'டக்' என்றது.

"யம்மா! தூக்கிவாரிப் போட்டுடுச்சுடி!"

"யாரும்மா தூக்கினது?"

"என்னது?"

"யாரு வாரினது? யாரு போட்டது?"

"உனக்கு என்னடி ஆச்சு? சாப்பிட்டியா இல்லையா?"

யாரும் தூக்கவில்லை, வாரவில்லை, போடவில்லை. மூன்றும் ஒட்டிக்கொண்டு, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சொல்கின்றன. நடுவில் எதையும் செருகவும் முடியாது. 'தூக்கி அம்மாவை வாரிப் போட்டது' என்றால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்! புட் அப் வித்தும் அப்படித்தான். மூன்றும் கைகோத்து நிற்கும். சத்தமோ ஃபேனோ, எதுவானாலும் கடைசியில்தான் வரவேண்டும். இதைப் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேனே!

மார்ச் 9

ரயிலக்காவிடம் நானாகவே போய்ச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்போ என்னை மேடம்கிட்ட யாரோ போட்டுக்கொடுத்தாங்களே, எதைப் போட்டாங்க, எதைக் கொடுத்தாங்க?"

"நான் எதையும் போடலக்கா. கொடுக்கவும் இல்ல."

"அடிப்பாவி, உனக்குப் பேசவும் வருமா!"

மார்ச் 12

ரன் அவுட் ஆஃப். யாரும் ஓடவில்லை, திருகுகள்தான் தீர்ந்துபோயின. ஒன்பது மின்னஞ்சல், ஒரு தவறும் இல்லை.

மார்ச் 24

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

அதே விடுதிக்காரர்! நாங்கள் அனுப்பிய புது பேரிங்கைப் போட்டபின் சத்தமே இல்லையாம். மேல்மாடிக்கு இன்னும் நாற்பது ஃபேன் வேண்டுமாம். "அந்த ஏணிப் படத்தையும் அனுப்பும்மா. இந்தத் தடவை வெறும் புட் அப்தான், வித் கிடையாது" என்றார் ஆங்கிலத்தில்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திரும்பினால், வாசலில் மேடம். நான் ஆங்கிலத்திலேயே பேசி முடித்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

லேபிள் பக்கத்திலிருந்து இன்று ஒரே ஒரு லேபிள் வந்தது. பதில் எழுதும் மேசைக்கு, என் பெயர் போட்டு. நானே ஒட்டினேன். கொஞ்சம் கோணல்.