துண்டு மாட்ட ஒரு ஆணி

தை 9, வியாழன்.

குளியலறை வேலை இன்று முடிந்தது. இந்தக் குளிரில் அம்மா இனிக் கொல்லையில் போய்க் குளிக்க வேண்டாம் என்று மகன்தான் வீட்டுக்குள்ளேயே கட்டினான்.

கொத்தனார் கடைசியாகக் கேட்டார். "ஏனுங்கக்கா, துண்டு மாட்ட ஆணி எங்க அடிக்கட்டுங்க?"

கையைத் தூக்கிக் காட்டினேன். அடித்துவிட்டுச் சிரித்தார். "நொம்ப உசரமுங்க. தெனமும் முக்காலி போட்டு ஏறுவீங்களா?"

அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. அது என் வீட்டுக்காரர் கை போகிற உயரம். எஸ்டேட்டிலிருந்து வந்ததும் கொல்லையில் சாக்குத் தட்டி மேல் துண்டைப் போட்டுவிட்டுக் கல்லில் உட்காருவார். நான் வெந்நீர் மொண்டு முதுகில் ஊற்றுவேன். "இன்னுங் கொஞ்சம் சூடா ஊத்து புள்ள" என்பார். போன ஆவணியில் அவர் போனதோடு எல்லாம் போயிற்று.

"புடுங்கிக் கீழ அடிச்சரட்டுங்களா?"

"அது இருக்கட்டுங்க. எனக்குக் கீழ ஒண்ணு அடிங்க."

கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். கீழே இன்னொன்று அடித்தார்.

எல்லாரும் போனபின் முக்காலி போட்டு ஏறினேன். அவர் துண்டை மேல் ஆணியில் மாட்டினேன். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் தெறிக்காது.