கரி என்று சொன்னேன்

ஒக்டோபர் 6, திங்கள்

நல்ல வெயில். மழை இன்னும் கிளிநொச்சிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாளை தர்மபுரம், மரம் அளக்க. கொண்டுபோக: அளவு நாடா, பெயின்ற், தொப்பி. மோட்டார் சைக்கிள் பின் ரயரில் காற்று நிற்குதில்லை.

போன மாதம் தர்மபுரத்தில் வைத்த திட்டக் கூட்டத்துக்கு நல்ல சனம். "காபன் வரவு" என்றதும் எல்லோருக்கும் கொட்டாவி. நான்தான் இலகுவாக்கினேன்: மரத்துக்குள் கரி இருக்கிறது, அந்தக் கரிக்கு வெளிநாட்டுக் கொம்பனி காசு தரும். உடனே விளங்கிவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

7, செவ்வாய்

பாக்கியமக்கா வளவு. தனி மனுசி. மீள்குடியேறிய கையோடு வேலியோரம் முழுக்க வேம்பு நட்டவா. எங்கள் திட்டத்திலேயே வடிவான மரங்கள். வரும் காசில் கிணற்றை ஆழப்படுத்தும் எண்ணம்.

போனால் வளவு வெளித்துக் கிடக்கிறது. அடிக்கட்டைகள் மட்டும். விறாந்தையில் வாய் கட்டிய மூட்டைகள்.

"நல்லாச் சுட்டிருக்கு தம்பி. கொம்பனிக்காரர் எப்ப ஏத்த வருவினம்?"

ஆள் பிடித்து வெட்டி, கரி மூட்டம் போட்டு, பக்கத்திலேயே காவல் இருந்தாவாம். மரம் நின்றால்தான் காசு என்று சொல்லி முடித்தேன். தேத்தண்ணி தந்தா. சீனி போட மறந்துவிட்டா. பாவம். எனக்கு என்மேல்தான் கோபம்.

8, புதன்

அலுவலகம். பிழை என்னுடையது, அவாவைத் திட்டத்தால் நீக்கவேண்டாம் என்று கேட்டேன். மனேஜர் கெட்டவர் இல்லை, அவருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால் நிற்கிற மரத்தின் வரவைத்தான் விற்கலாமாம். பெயர் வெட்டு.

அடுத்த கூட்டம் மல்லாவியில். கரி என்ற சொல் வாயில் வரக்கூடாது.

10, வெள்ளி

தூறல். திரும்பத் தர்மபுரம். பெயர் வெட்டியதைச் சொன்னேன். கொம்பனி சும்மா ஏன் காசு தரும் என்று கேட்டா. அங்கே தொழிற்சாலைகளில் எரிப்பதற்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் இங்கே நிற்கிற மரத்துக்குக் காசு கொடுத்து ஈடு செய்வார்கள் என்றேன்.

"அங்க என்னத்தை எரிக்கினம்?"

"நிலக்கரி, அக்கா."

அடிக்கட்டையில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டினா.

"அப்ப அவை கரி எரிக்கிறதுக்குத்தானே என்ர வேம்பு நிக்கவேணும்."

தொப்பியை எடுத்துப் போட்டேன். வெளிக்கிட, ஒரு மூட்டையைத் தூக்கிப் பின் சீற்றில் கட்டிவிட்டா. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை.

"அம்மாட்டைக் குடுங்கோ. மழைக்கு உதவும்."

12, ஞாயிறு

விடியவே நல்ல மழை. காஸ் முடிந்துவிட்டது, கடையிலும் இல்லை. குசினி மூலையில் சாக்கால் மூடி வைத்திருந்த மூட்டையை அம்மா கண்டுபிடித்து, அடுப்பு மூட்டி, உலையும் வைத்துவிட்டா. நல்ல கரி, யார் சுட்டது என்று கேட்டா. நான் தேங்காய் துருவப் போனேன்.

சோறு பதமாக வெந்திருந்தது. புகையே இல்லை.