லுணுகலையிலிருந்து வந்த நிரல்

என் அன்புத் தம்பி செல்வராசு,

நீ போய் நான்கு வருடங்கள். பதுளையில் நம் கணினி வட்டத்தின் அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் மட்டும் வருகிறேன். கணினியைப் போட்டு, வரவுக் கொப்பியில் என் பெயரை எழுதி, ஒரு மணிநேரம் இருந்துவிட்டுப் பூட்டுகிறேன்.

நாம் பிடித்துக்கொண்ட அந்தக் கணினி மொழியின் பெயர் கொழும்பிலேயே பலருக்குத் தெரியாது. நீதான் துணிந்தாய். தமிழில் கைநூல் எழுதி, ரோனியோ இயந்திரத்தில் படிகள் அடித்து, தேயிலைத் தோட்டம் தோட்டமாக அனுப்பினாய். கணினி இல்லாதவர்கள் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளை வரிகளை, தாளில் எழுதித் தபாலில் போடுவார்கள். நாம் இங்கே ஓட்டிப் பார்த்து, வந்த விடையைத் திருப்பி அனுப்புவோம். பதினொரு பேர் சேர்ந்ததும் நான் விதிமுறை எழுதத் தொடங்கினேன். "அண்ணே, நம்ம வட்டத்துல ஆளைவிட சட்டம் கூட இருக்கே!" என்று சிரித்தாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ கேட்டது நினைவிருக்கிறதா? "லுணுகலை ராசம்மா அக்கா அப்புறம் எழுதலையா?" இல்லை என்றேன். அது உண்மைதான். ஏன் எழுதவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின், அன்று எந்தப் பிள்ளை காம்பராவுக்கு வரவில்லை என்று சொல்லும் நிரலொன்றை அனுப்பியிருந்தார். நீ காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அது. ஓட்டினேன், ஓடியது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த கை சும்மா இருக்குமா? அவருடைய தாள்களிலேயே சிவப்பு மையால் திருத்தினேன். அடியில் "முறை பிழை. மீண்டும் எழுதவும்" என்று போட்டேன். கணினி தந்த விடைத்தாளை அனுப்பவில்லை. முறையான நிரலுக்கே விடை என்பது நான் எழுதிய விதி. அவர் மறுபடி எழுதாததால் கொப்பியில் அவர் பெயரையும் வெட்டினேன்.

போன மாதம் ஒரு மரணவீட்டுக்கு லுணுகலை போனபோது, விசாரித்து அவர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கும் போனேன்.

"பதுளை மாஸ்டருங்களா? வாங்க, உக்காருங்க." தேத்தண்ணி தந்தார். முகத்தில் கோபமே இல்லை. "ஒரே செவப்பா வந்துச்சுங்க. ஓடவே இல்லன்னு நெனச்சிட்டோம்."

"நினைச்சிட்டோம் எண்டால்? வேறை ஆர்?"

"அஞ்சு பேரு சேந்துதான் எழுதுனோம். பேரு மட்டும் என்னோடதுங்க. படிச்சவங்க வேலையில நமக்கு என்னாடி சோலின்னு அவங்க எந்திரிச்சிட்டாங்க."

நம் கொப்பியில் நான் வெட்டியது ஒரு பெயர், தம்பி. போனது ஐந்து பேர். மற்றத் தோட்டங்களுக்கும் என் சிவப்பு மை போயிருக்கிறது. அங்கே ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள்? நீ போனதால்தான் வட்டம் கலைந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். செத்த உன் தலையில் போட்டுவிட்டேன்.

அவருடைய நிரல் நம் பிளொப்பியில் அப்படியே கிடக்கிறது. நேற்று மறுபடி ஓட்டினேன். வராத பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

விடைத்தாளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அறையைத் திறக்கமாட்டேன். லுணுகலைக்குப் போய், ஐந்து பேரையும் கண்டு, "உங்கள் நிரல் அன்றைக்கே ஓடியது" என்று சொல்வேன். மீண்டும் எழுதுங்கள் என்று கேட்கமாட்டேன். அந்த வார்த்தையை ஒருமுறை எழுதியது போதும்.

உன் கடைசிக் கேள்விக்குப் பாதிப் பதில் சொன்ன
உன் அண்ணன்