கையெழுத்திடாத சீட்டு

அன்பு மகன் எமெட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். அலாஸ்காவில் மீன்பிடிப் பருவம் தொடங்கியிருக்கும். வலை இழுக்கும்போது கையுறையைக் கழற்றாதே. இங்கே மினசோட்டாவில் மே முடிந்தும் குளிர் விடவில்லை.

நல்ல செய்தி ஒன்று. ஹார்லன் பிரிக்ஸ் ஓய்வு பெறுகிறார். உன் பள்ளியில் கல்லூரித் தரப் புள்ளியியல் வகுப்பை நடத்தி, அதில் சேர யாருக்குத் தகுதி என்று பதினெட்டு ஆண்டுகள் தீர்ப்புச் சொன்ன மனிதர். "உம்ம பையனுக்குக் கைவேலைதான்யா சரிப்படும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். ஒன்பது வருடங்களாக அந்தப் புண்ணை நான் ஆறவிடவில்லை.

பதினெட்டாம் தேதி பள்ளி வாரியக் கூட்டத்தில் அவருக்குப் பாராட்டு. பேச விரும்பும் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டேன். பாராட்டுக் கேக்கை அவர் நிம்மதியாக விழுங்கக் கூடாது.

ஆயுதம் உன் தங்கை இங்க்ரிடிடம் இருந்தது. அவள் இப்போது அதே வகுப்பில் படிக்கிறாள். தேர்வு முடிந்தபின் ஆளுக்கோர் ஆய்வு செய்ய வேண்டும். பிரிக்ஸ் சேர்க்காமல் ஒதுக்கிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கேள் என்றேன். கேள்வியையும் நானே எழுதினேன்: "உங்கள் எதிர்காலத்தை பிரிக்ஸ் கெடுத்தாரா?" படித்துவிட்டுச் சிரித்தாள். "இது கேள்வி இல்லப்பா, தீர்ப்பு. இத வெச்சா எனக்கு முட்டைதான்." அவளே வேறு எழுதினாள்: நீங்கள் சேராமல் போனது யாரால்? கீழே மூன்று கட்டங்கள். ஆசிரியர், பெற்றோர், நானே.

பெற்றோர் எதற்கு என்றேன். "வாத்தியார் வேணாம்னாலும் பொறுப்புச் சீட்டுல அப்பா அம்மா கையெழுத்துப் போட்டா சேத்துக்கணும்ல?" என்றாள்.

நாற்பத்தாறு பேருக்கு அனுப்பினாள். முப்பத்தொரு தாள் வந்தது. இருபத்திரண்டில் இரண்டாம் கட்டத்தில் குறி. வராத பதினைந்தை ஆசிரியர் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். "பழிவாங்க அது போதும்ப்பா. நிரூபிக்கப் போதாது" என்றாள்.

போன வாரம் கடையில் பிரிக்ஸ் எதிரே வந்தார். கூட்டத்தில் நான் பேசப்போவது தெரிந்திருக்கிறது. "லாயிட், சீட்டு வாங்கிட்டுப் போனீரே, ஒரு வாரம் எடுத்து வெச்சிருந்தேன் உம்ம பையன் இடத்த. நீர்தான் வரல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அதையும் அவர் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சீட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, எமெட். உன் பெயர் எழுதியிருக்கிறது. என் கையெழுத்துக்கான கோடு காலி.

உனக்கும் ஒரு தாள் அனுப்பியதாக இங்க்ரிட் சொன்னாள். பெயர் எழுத வேண்டாம், யாருடையது என்று யாருக்கும் தெரியாது என்கிறாள். நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவன். பின்பக்கம் தடவினால் எனக்குத் தெரிந்துவிடும். எந்தக் கட்டமானாலும் அதைப் பற்றி நான் கேட்கமாட்டேன்.

பிரிக்ஸை மன்னிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் பதினெட்டாம் தேதிக்கு முன் உன் தாள் வந்து சேரட்டும். அந்த மூன்று நிமிடத்தில் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

கடல் உன்னிடம் கருணையாக இருக்கட்டும்.

உன் அப்பா,
லாயிட்